வலது கட்டைவிரல்

லேப்டாப்பின் திரை தமிழில் விழித்திருந்தது. அதுதான் மோகனுக்குப் பிடிபடவில்லை.

நேற்று லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றும்போது அவன் ஆங்கிலத்தைத்தான் தேர்ந்தெடுத்தான். கண்ணால் பார்த்துத்தான் அழுத்தினான். பழைய டிஸ்க்கை ஓர் எழுத்து மிச்சமில்லாமல் துடைத்து, பென்டிரைவிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, பெயர் கேட்ட இடத்தில் மோகன் என்று போட்டு, கடவுச்சொல்லும் போட்டு மூடி வைத்தவன், இன்று ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் மாடியறைக்கு வந்து மூடியைத் திறந்தால், கறுப்புத் திரையின் நடுவே வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி நின்றது.

விரலை வைக்கவும்.

அவன் இன்னும் எந்த விரலையும் அதில் பதியவில்லை. பதியத்தான் வந்திருந்தான். விசைகளுக்கு வலப்பக்கம் கீழே, பாதித் தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம். அதன் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு, தூங்குகிறவனின் மார்பைப் போல மெல்ல ஏறி மெல்ல இறங்கியது.

இந்த லேப்டாப்பைத் தமிழில் வைத்திருந்தவன் அண்ணன் தர்மராஜ். "தமிழ்ல கீது, அதுக்கு இன்னா இப்போ? உனக்குப் படிக்க வராதா?" என்பான். கல்பாக்கத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் எலக்ட்ரீசியன் வேலை. பல்வலிக்கு எந்நேரமும் கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, ராத்திரியானால் இந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இதே நாற்காலியிலிருந்து விழுந்து இருபது நாள் ஆகிறது.

கீழே அண்ணி விஜயகுமாரி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றன்மேல் ஒன்று வைக்கிற ஓசை ஒவ்வொன்றும் மாடிப்படி ஏறி வந்தது. ஜன்னலுக்கு வெளியே சவுக்குத்தோப்பு அசையாமல் நின்றது. அதற்கு அப்பால் கடல். எங்கோ காயும் நெத்திலியின் நாற்றம் வெயிலோடு சேர்ந்து அறைக்குள் வந்து குந்திக்கொண்டது.

"மோகன்."

"இன்னா அண்ணி?"

"கிரைண்டர் உன்னுதா, என்னுதா?"

"நீங்களே எடுத்துக்குங்க."

"கேட்டுக்கிறது நல்லது. அப்பால கிரைண்டருக்கும் ஒரு பட்டா எடுத்துகினு வருவ."

மனை அவன் பெயரில் இருந்தது. அப்பா அப்படித்தான் வாங்கிப்போட்டார். அதில் அஸ்திவாரம் போட்டுத் தளம் ஊற்றி மாடி எழுப்பியது முழுக்க தர்மராஜின் உழைப்பு. 'வீடு அண்ணனுக்கு, அவருக்குப் பின்னால் அண்ணிக்கு' என்று மோகனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். அந்தக் காகிதம் புயல் மழையில் ஊறிக் கூழாகிப்போனது. அதன் ஸ்கேன் ஒன்று இந்த லேப்டாப்பில் இருந்தது. இருந்தது, இப்போது இல்லை. காரியம் முடிந்த மறுநாள், "நான் எழுதிக் குடுத்ததுக்கு இன்னா அத்தாட்சி?" என்று கேட்டான். அண்ணி அச்சரப்பாக்கத்தில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போன் போட்டாள். இன்று மதியம் ஒரு மணிக்கு வண்டி வருகிறது.

"சோறு ஆக்கிக் கீறேன்," என்றாள் கீழேயிருந்து. "துன்னுட்டுத் தொரத்து. வெறும் வயித்தோட ஒருத்திய தொரத்தினா உடம்புக்கு ஆவாது."

"யாரும் தொரத்தல அண்ணி."

"சரி, நானே ஓடறேன்னு வெச்சிக்க. இன்னொண்ணு. அன்னிக்கு நீ போட்டிருந்த பேண்டைத் தொவைக்கும்போது, பாக்கெட்டுல ஒண்ணு கிடைச்சிது. பத்திரமா வெச்சிக்கீறேன். போம்போது குடுத்துட்டுப் போறேன்."

"இன்னாது?"

"உன்னுதுதான். தேடினியே, ரெண்டு நாளு."

பைக்கின் இன்னொரு சாவியாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தான். நினைப்பு நிற்கவில்லை.

பிரவின்குமாருக்குப் போன் போட்டான். மறைமலைநகரில் மோகன் வேலை செய்கிற அதே உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். லினக்ஸை ஏற்றச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான்.

"புச்சா ஏத்தினேன்டா. நான் பதியவேயில்ல, அதுக்குள்ள விரலைக் கேக்குது."

"பழைய ஆளோட விரல் உள்ளயே கீதுடா மச்சான். சில ரீடருல ரேகை டிஸ்க்குல இருக்காது. அந்தச் சிப்புக்குள்ளயே போயி ஒக்காந்துக்கும். நீ வூட்டை இடிச்சிக் கட்டினாலும் உள்ள இருக்கிறவன் எழுந்துக்கல, அந்த மாதிரி."

"தமிழ்ல வருது."

"நீ தூக்கத்துல தமிழை அழுத்தியிருப்ப. பாஸ்வேர்டு போட்டு உள்ள போ. டெர்மினல்ல நான் அனுப்பறதை அடி. எந்த விரல் கீதுன்னு காட்டும். அத்த அழி. அப்பால உன்னுதைப் பதி. இது ஒரு பேஜாரா?"

உள்ளே போனான். கட்டளையை அடித்தான். கறுப்புச் சன்னலில் ஒரு வரி வந்தது.

தர்மராஜ்: வலது கட்டைவிரல்.

பிரவின் சொன்னபடி இருந்ததில் மனசு கொஞ்சம் லேசானது. அழிக்கும் கட்டளையையும் அடித்தான். 'அழிக்கப்பட்டது' என்றது. இன்னொரு முறை கேட்டுப் பார்த்தான். ஒரு விரலும் இல்லை என்றது.

"போயிடுச்சிடா."

"அவ்ளோதான். இப்போ உன்னுதைப் பதி. எடுத்து எடுத்து வைக்கச் சொல்லும், அலுத்துக்காம வை. ஆமா, வியாழக்கிழமை கம்பெனி கேட்டுல பன்ச் மிஷினும் உன் விரல எடுக்கலயாமே? செக்யூரிட்டி ஜெபகுமார் சொல்லிச் சிரிக்கிறான். 'சாரோட ரேகை தேஞ்சிபோச்சி, வேற ஒண்ணு வாங்கிப் போடச் சொல்லு'ன்னான்."

"கைல எண்ணெய் இருந்திருக்கும்."

"இருக்கும் இருக்கும். ஏன் மச்சான், அண்ணாத்த போன அன்னிக்கே அவரு விரலை வெச்சி இத்தத் தொறந்திருக்கலாமே நீ?" பிரவின் சிரித்தான். "சும்மா சொன்னேன். செத்த விரல எடுக்காது. அதுக்கு உயிர்ச்சூடு வேணும்."

மோகன் போனை வைத்துவிட்டான்.

செத்த விரலையும் எடுத்தது. அது அவனுக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்கு உடம்பைக் கீழே கூடத்துப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஐஸ் பெட்டி இன்னும் வந்துசேரவில்லை. பக்கத்து வீட்டு லோகநாயகியம்மாள் வேட்டிக் கரையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி, இன்னொரு துண்டால் கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் மார்பின்மேல் சேர்த்துக் கட்டிவிட்டு, "சுடுகாடு போற வரைக்கும் இந்தக் கட்டை யாரும் தொடாதீங்கப்பா, அங்க அறுத்துவுட்டாத்தான் ஆவி போவும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆண்கள் பந்தல் போட வெளியே போனார்கள். பெண்கள் அண்ணியைக் குளிப்பாட்டக் கொல்லைக்கு அழைத்துப் போனார்கள். "நான் அண்ணன்கிட்ட கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கிறேன்" என்று மோகன் சொன்னபோது, பாவம் தம்பி என்று கதவையும் சாத்திவிட்டுப் போனார்கள்.

அவன் கட்டை அவிழ்த்தான். மாடியிலிருந்து லேப்டாப்பை எடுத்துவந்து அண்ணனின் மார்பின்மேல் வைத்தான். வலது கட்டைவிரலைப் பிடித்து அந்தச் சதுரத்தில் அழுத்தினான். மறுத்தது. மறுபடி அழுத்தினான். மறுத்தது. குளிர்ந்து கிடந்த அந்த விரலை வாயருகே கொண்டுவந்து, கண்ணாடி துடைக்கிறவன் ஊதுவதைப் போல வெந்நீர்ச் சூடாக மூன்று முறை ஊதினான். கிராம்பு வாசம் அடித்தது. மூன்றாவது ஊதலுக்குத் திறந்துகொண்டது. அந்தக் காகிதத்தின் ஸ்கேனை அழித்தான், அண்ணனின் மெயிலில் கிடந்த நகலையும் தேடி அழித்தான். கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. திரும்பக் கட்ட நேரமில்லை. கிழிசலைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, கைகளை மாலைக்கடியில் செருகிவிட்டான்.

சுடுகாட்டில் எரியூட்டுகிற ஆள், துணிக்கட்டை அறுக்கக் கத்தியோடு குனிந்தவர் நிமிர்ந்தார். "கைக்கட்டு எங்கப்பா? யாரு அவுத்தது?" எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மோகனும் பார்த்தான்.

இப்போது தன் வலது கட்டைவிரலைச் சதுரத்தில் வைத்தான். விளக்கு ஒளிர்ந்தது. எடுத்தான். வைத்தான். திரையில் ஒரு கைரேகைப் படம் கோடு கோடாக நிறைந்துகொண்டே வந்தது. ஐந்தாவது தடவையில் கடைசிக் கோடும் நிறைய வேண்டிய நேரத்தில் படம் நின்றது.

இந்த விரல் ஏற்கெனவே பதிவில் உள்ளது.

அழித்தது முழுக்கப் போயிருக்காது. கட்டளையை அடித்துப் பார்த்தான். ஒரு விரலும் இல்லை என்றது. திரும்பவும் வைத்தான். ஐந்து முறை. எண்ணிக்கொண்டே வைத்தான்.

இந்த விரல் ஏற்கெனவே பதிவில் உள்ளது. உரியவர்: தர்மராஜ்.

மெஷின் பழசு. சிப்பு கெட்டுப்போயிருக்கும். கடலோரத்து உப்புக்காற்றுக்கு எதுதான் நிற்கிறது, இரும்புக் கேட்டுக்கே வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது. இப்படிச் சொல்லிக்கொண்டே கையை உதறினான். கை சில்லென்றிருந்தது. வெளியே தார் உருகுகிற வெயில். அவனுடைய வலது கை மட்டும் பானைத் தண்ணீருக்குள் கிடந்ததைப் போல.

கீழே பாத்திர ஓசை நின்றிருந்தது. அண்ணி பேசிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த குரல். கேட்டுவிட்டு, நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி பேசுகிற குரல்.

"யார்கிட்ட அண்ணி பேசறீங்க?"

குரல் நின்றது. "உங்க அண்ணன்கிட்ட."

"அண்ணி..."

"வேற யாரு கேக்கறாங்க நான் பேசறதை? நீ உன் வேலையப் பாரு. அந்தப் பொட்டி தொறந்துதா?"

"இன்னும் இல்ல."

"தொறக்கும். அவரு கை பட்டா தொறக்கும்."

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி இன்னும் இரண்டு சுற்று சுற்றி, முனகி, நின்றது. தெருவில் எங்கோ ஓடிய டிவி வாயடைத்தது. உச்சிப்பொழுதில் இத்தனை அமைதி இருக்க முடியும் என்று அவனுக்குத் தெரியாது, கடல்கூடக் கேட்கவில்லை. லேப்டாப் மட்டும் தன் பேட்டரியில் ஒளிர்ந்தது. பச்சை விளக்கு ஏறியது. இறங்கியது. அவன் மூச்சும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் கழித்துத்தான் கவனித்தான். மூச்சை அடக்கினான். விளக்கும் நின்றது.

பிரவினைக் கூப்பிடப் போனை எடுத்தான். கட்டைவிரலை வைத்தான். போன் அதிர்ந்தது. பொருந்தவில்லை. துடைத்துவிட்டு வைத்தான். பொருந்தவில்லை. இரண்டு வருஷமாக இதே விரலுக்குத் திறந்த போன். எண்களைப் போட்டுத் திறக்கலாம் என்று பார்த்தான். நான்கு எண்கள். எந்த நான்கு?

விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

பன்னிரண்டு வயதில், நுங்கு வெட்டுகிறேன் பார் என்று மோகன் அரிவாளை ஓங்கியதில், காயைப் பிடித்திருந்த தர்மராஜின் கட்டைவிரல் பிளந்தது. ஆறு தையல். அப்பாவிடம், "நானேதான் வெட்டிக்கினேன்" என்றான் அண்ணன். பிறை வடிவத்தில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. நகக்கண்ணுக்குக் கீழே ஆரம்பித்து, ரேகையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போய், முதல் மடிப்பில் முடியும்.

நகக்கண்ணுக்குக் கீழே ஆரம்பித்திருந்தது. ரேகையைக் குறுக்கே அறுத்திருந்தது. முதல் மடிப்பில் முடிந்திருந்தது.

நகத்தால் சுரண்டினான். தழும்பு தழும்பாகவே இருந்தது. வலிக்கவில்லை. இன்னும் அழுத்திச் சுரண்டினான். வலி எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ.

எழுந்துவிட வேண்டும். படியிறங்க வேண்டும். வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் காகிதத்தை இன்னொரு தடவை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இப்போதே, இந்த நிமிஷமே. நினைத்தான். கால் நினைக்கவில்லை.

"அண்ணி" என்று கூப்பிட்டான். வாய் திறக்கவில்லை. தாடை யாரோ துணியால் தூக்கிக் கட்டிய மாதிரி இறுகியிருந்தது. நாக்கின் அடியில் ஏதோ உறுத்தியது. சின்னதாக. காரமாக.

கிராம்பு.

வலது கை தானாக மேலே எழுந்தது. முகத்துக்கு நேரே வந்து நின்றது. எதிரே யாருமில்லை. சுவர். காலண்டர். ஜன்னல். வெயில்.

கட்டைவிரலின்மேல் ஒரு மூச்சு பட்டது.

வெந்நீர்ச் சூடு. ஈரம். கண்ணாடியில் படிகிற மாதிரி விரலில் படிந்தது.

விலகியது.

இன்னொரு மூச்சு.

அவன் காத்திருந்தான். உடம்பு முழுக்கக் காதாகக் காத்திருந்தான். மூன்றாவது வரவில்லை. அதற்குப் பதில் படியில் காலடி கேட்டது. மெதுவாக. ஒரு படி. நிற்கும். இன்னொரு படி. காலில் கொலுசு இல்லாத, கையில் வளையல் இல்லாத, துணி மட்டும் உரசுகிற நடை.

விஜயகுமாரி கதவில் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தரத்தில் நின்ற கையைத்தான் பார்த்தாள். அவள் ஆச்சரியப்படவில்லை. முன்றானையில் கைகளைத் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தாள்.

"ரொம்ப நேரமா ஒக்காந்திருக்கீங்களா?" என்றாள். அவனை அவள் ஒருநாளும் பன்மையில் கூப்பிட்டதில்லை. "அடுப்புல சோறு இருந்திச்சி. அதான்."

நான் மோகன், என்றான் மோகன். சத்தம் மண்டைக்குள்ளேயே சுற்றியது. அண்ணி, நான் மோகன்.

அவள் தழும்பைத் தடவிப் பார்த்தாள். குனிந்தாள். வாயைக் குவித்து, அந்த விரலில் நிதானமாக ஊதினாள்.

மூன்று.

விரலைப் பிடித்துச் சதுரத்தில் வைத்தாள். திரை மலர்ந்தது. அவன் துடைத்தெறிந்த திரை. அண்ணன் வைத்திருந்த அதே கடற்கரைப் படம், அதே தமிழ், மூலையில் 'வீடு' என்று ஒரு கோப்புறை. அவள் அதைத் திறந்தாள். மோகனின் கையெழுத்து பக்கத்தின் அடியில் கறுப்பாக நின்றது. அவள் ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, கடைசிவரை படித்தாள்.

"அதான் சொன்னீங்களே, எங்கயும் போவாதுன்னு," என்றாள்.

அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்தது மோகனை. அதில் சந்தேகமில்லை. இருபது நாளாகத் தேக்கிவைத்திருந்த பார்வை.

"கேட்டியே, இன்னாதுன்னு."

இடுப்பிலிருந்து எடுத்தாள். துவைத்து, நீலம் போட்டு, மடித்து வைத்திருந்த வேட்டிக் கிழிசல். உதறியதும் நீளமாகத் தொங்கியது.

"கட்டாம அனுப்பிட்டோம். எப்பிடிப் போவாரு? அன்னிலேர்ந்து கீழ என்கூடவேதான் சுத்திகினு கீறாரு. கட்டு வேணும்னாரு. இன்னா செய்யறது, அவரு கைதான் வெந்துபோச்சே. கட்டறதுக்கு ஒரு கை வேணும் இல்ல?"

அவனுடைய இரண்டு கைகளையும் எடுத்து மார்பின்மேல் வைத்தாள். கட்டைவிரல்களைச் சேர்த்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. லோகநாயகியம்மாள் போட்ட அதே முடிச்சு. நாற்காலியோடு அவனைப் பின்னால் சாய்த்து, கலைந்திருந்த சட்டைக் காலரைச் சரிசெய்தாள். இமைகளின்மேல் விரலை வைத்து இழுத்துவிட்டாள். அவை முழுக்க மூடவில்லை.

கீழே கேட்டுக்கு வெளியே வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவள் ஜன்னலுக்குப் போனாள்.

"சாமான் எதுவும் ஏத்த வேணாம்பா. போயி லோகநாயகியம்மாவைக் கூப்புடு. பந்தல்காரருக்கும் சொல்லிடு."

படியிறங்கிப் போகும் அவள் காலடியை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பாதி மூடிய இமைக்கடியில் அவனுக்குத் தெரிந்தது அவன் மார்பு மட்டும்தான். அது ஏறவில்லை. இறங்கவில்லை. பக்கத்தில் பச்சை விளக்கு ஏறி இறங்கியது.

வெள்ளைக் கட்டுக்குள் இடது கட்டைவிரல் அசையாமல் கிடந்தது. வலது கட்டைவிரல் மட்டும், தழும்பு மேலே தெரிய, மெல்ல மடங்கி, இடது விரலை அணைத்துப் பிடித்து, நெரிக்கத் தொடங்கியது.